ட்ரென்ட்டை விற்ற சனிக்கிழமை

ரெண்டரை வருஷம் ஓடிவிட்டது, இன்னும் செரிக்கவில்லை. 2023 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, மதியம் மூன்றே கால் மணி. எஸ்டேட் எடைக்கொட்டகைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் எங்களுக்கு சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு என் எஃப்.பி.எல். அணியிலிருந்து அப்போதைய லிவர்பூல் ரைட் பேக் ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டை விற்றேன். எஃப்.பி.எல். என்றால் ஃபேன்டசி பிரீமியர் லீக், இங்கிலாந்து கால்பந்து லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனைக் காசில் வாங்கி விற்று, அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்குப் புள்ளி சேர்க்கிற போன் விளையாட்டு. உள்ளே மூன்றாவது எடைக்குக் கொழுந்து மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்திருந்தன. மூன்றரைக்கு டெட்லைன். கையில் பதினைந்து நிமிஷம் இருந்தது, நான் பதினைந்து விநாடிகூட யோசிக்கவில்லை. எரிச்சலில் ஒரு தட்டு, உறுதிப்படுத்த இன்னொரு தட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எடைக்குப் போய்விட்டேன். மனசு லேசாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை.

எங்கள் லீக்கில் பதினொரு பேர். என்னையும் சேர்த்துக் கோத்தகிரிக்காரர்கள் ஏழு, குன்னூரில் இரண்டு, மஞ்சூரில் ஒருவர், பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய் அங்கேயே தங்கிவிட்ட என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன். கடைசியில் வருகிறவர் மே மாசம் எல்லாருக்கும் பிரியாணி போட வேண்டும். முதலில் வருகிறவருக்குப் பரிசெல்லாம் கிடையாது, அடுத்த ஆகஸ்ட் வரை வாய் ஓயாமல் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சுக்காகத்தான் நாங்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, போர்ன்மவுத்தின் ரைட் பேக்குக்குத் தொடையில் பிடிப்பா இல்லையா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

விற்கக் காரணமா இல்லை? பருவத் தொடக்கத்தில் விளையாட்டுக் காசில் 7.5 மில்லியன் கொடுத்து வாங்கின ஆள். அந்தக் காசுக்கு நல்ல மிட்ஃபீல்டரே கிடைப்பார். 2021-22இல் லிவர்பூல் 38 ஆட்டத்தில் வாங்கினது 26 கோல்தான், அந்தத் தைரியத்தில் கொட்டின பணம் அது. 2022-23இல் எல்லாம் தலைகீழ், பருவம் முடிந்தபோது கணக்கு 47. அதே வருஷம் நியூகாசில் 33 மட்டும் வாங்கி மான்செஸ்டர் சிட்டிக்குச் சமமாக நின்றது. அங்கே 5.0க்குக் கிடைத்த ட்ரிப்பியர் வாராவாரம் புள்ளியை வாரிக்கொண்டிருக்க, நான் அதைவிட ரெண்டரை அதிகம் கொடுத்த ஆளை வைத்துக்கொண்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் முதல் வாரம் லிவர்பூலுக்கு இரட்டை ஆட்டம் வந்தது. பொறுத்தது பொறுத்தோம், இந்த வாரம் வட்டியோடு வரும் என்று இருந்தேன். முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 என்று உதை. மூன்று நாள் கழித்து செல்சியோடு 0-0. கடைசியில் கோலே வாங்காத ஒரு ஆட்டம், ஒரு க்ளீன் ஷீட்! ஆனால் அன்றைக்குப் பயிற்சியாளர் க்ளாப் ஆறு பேரை மாற்றியிருந்தார், தொடக்க அணியில் ட்ரென்ட் இல்லை. கோல் மழை பெய்த அன்று களத்தில் நின்றவர், காய்ந்த அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதோடு டிவிக்காரர்கள் வேறு. லிவர்பூல் கோல் வாங்கினால் போதும், ரீப்ளேயை நிறுத்தி அவர் முதுகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுவார்கள். இதோ இங்கே நிற்கிறார், இங்கே நின்றிருக்க வேண்டும். நாலு வாரம் தொடர்ந்து அந்த வட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும், இந்த ஆளுக்கு டிஃபன்ஸ் ஆடவே தெரியாது என்று. எனக்கும் தோன்றியது.

அவருக்குப் பதிலாக பிரைட்டன் டிஃபெண்டர் ஒருவரை எடுத்தேன். மிச்சக் காசில் நடுக்களத்தில் ஒருவரை மாற்ற நாலு புள்ளி ஹிட், அதாவது அபராதம், தனி. அன்று ராத்திரியே பிரைட்டன் டாட்டனமிடம் 2-1 என்று தோற்றது. பிரைட்டனின் ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டது ஒரு டிஃபெண்டர், லூயிஸ் டங்க். நான் எடுத்தது அவரை இல்லை.

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு லிவர்பூல், ஆர்சனல் ஆட்டம். அம்மா தூங்கிவிட்டதால் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்சனலுக்கு மார்ட்டினெல்லி ஒன்று, ஜீசஸ் ஒன்று, அரை மணி நேரத்துக்குள் 0-2. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விற்ற மாட்டுக்கு மறுநாளே நோய் வந்தால் விற்றவனுக்கு வருமே, அந்த மாதிரி ஒரு கேவலமான சந்தோஷம். ஆனால் கண்ணில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. லிவர்பூல் பந்தை வைத்திருக்கும்போதெல்லாம் ட்ரென்ட் வலது ஓரத்தில் இல்லை. நடுவே ஃபபின்யோவுக்குப் பக்கத்தில் நின்று பந்தை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். ரைட் பேக் என்று பெயர், பார்க்கிற வேலை மிட்ஃபீல்டர் வேலை. சாலா ஒன்று போட்டார், பிறகு பெனால்டியை வெளியே அடித்தார். 87ஆவது நிமிஷம் ட்ரென்ட் வலது ஓரத்தில் பந்தை வாங்கி, ஸின்செங்கோவின் காலுக்கு நடுவில் தட்டிவிட்டு உள்ளே போய்த் தூக்கிப் போட, ஃபிர்மினோ தலையால் முட்டினார். 2-2. எனக்குத் தூக்கம் போனது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு லிவர்பூல் தொடர்ச்சியாக ஏழு ஆட்டம் ஜெயித்தது. ட்ரென்ட் அதே நடு இடத்தில் நின்று அடுத்தடுத்து கோலுக்குப் பந்து கொடுத்தார். லெஸ்டரை 3-0 என்று அடித்த ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கிலிருந்து அவரே இடி மாதிரி ஒன்று வைத்தார். எஃப்.பி.எல். பட்டியலிலோ அவர் அப்போதும் டிஃபெண்டர். மிட்ஃபீல்டராக ஆடிக்கொண்டு, கோலுக்கு ஆறு, க்ளீன் ஷீட்டுக்கு நாலு என்று டிஃபெண்டர் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். நான் அந்த மே மாசம் பிரியாணி போடவில்லை, அந்த அளவுக்கு விழவில்லை. ஆனால் நாலாவதாக இருந்தவன் எட்டாவது ஆனேன்.

பேக்கரி அண்ணன்

எங்கள் லீக்கில் அந்த வருஷம் ஜெயித்தவர் கோத்தகிரி பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் அண்ணன். ராத்திரி எட்டு மணிக்குப் படுத்து ரெண்டு மணிக்கு எழுந்து வர்க்கிக்கு மாவு பிசைகிறவர். ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்க்க மாட்டார், விடியற்காலையில் அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து ஹைலைட்ஸ் பார்ப்பதோடு சரி. அவரிடம் ட்ரென்ட் இருந்தார். ஆகஸ்டிலிருந்து இருந்தார். அந்த மோசமான மாசங்கள் எல்லாவற்றையும் தாண்டி வைத்திருந்தார்.

ஆர்சனல் ஆட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். பொறாமை ஒருபக்கம், கற்றுக்கொள்ளலாம் என்கிற ஆசை ஒருபக்கம். இந்த மனுஷன் எதைப் பார்த்து வைத்திருந்தார்? ஏதாவது புள்ளிவிவரமா, கண்ணில் பட்ட ஏதாவதா? கேட்டேன். அவர் பன் பாக்கெட்டை அடுக்கிக்கொண்டே சிரித்தார்.

"எங்கங்க தம்பி வெச்சிருந்தேன்? விக்கணும்னுதான் இருந்தேன். ஈஸ்டர் ஆர்டருங்க. கேக்கு, பன்னுன்னு சனிக்கிழமை தலைக்கு மேல வேலை. போனை எடுக்கறப்ப மணி நாலு. மூணரையோட பூட்டிட்டான்."

அவ்வளவுதான் ரகசியம்.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தப் பதிலால்தான். அவர் பெரிய ஞானி, பொறுமையின் சிகரம் என்று சொல்லியிருந்தால் நானும் ஒரு பாடம் படித்துக்கொண்டு விட்டிருப்பேன். அவரும் நானும் ஒரே சனிக்கிழமை, ஒரே எரிச்சலில், ஒரே ஆளை விற்க நினைத்தோம். எனக்கு வேலை குறைவு, அவருக்கு வேலை அதிகம், வித்தியாசம் அது மட்டும்தான். அப்படியானால் நான் செய்தது தப்பா, தப்பில்லையா? ஆர்சனல் ஆட்டத்தில் க்ளாப் அவரை நடுவில் நிறுத்தப் போகிறார் என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுதியிருக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்னை நானே அடித்துக்கொள்வதில் என்ன நியாயம்? ரொம்ப நாள் இப்படிச் சொல்லித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதற்குப் பதில் எஃப்.பி.எல்.லில் இல்லை, என் மேஜையில் இருந்தது.

எந்தக் காடு

எனக்கு எஸ்டேட் ஆபீஸில் வேலை. கொழுந்து எடைக் கணக்கு. யார் எத்தனை கிலோ, ஈரத்துக்கு எத்தனை கழிவு, யாருக்கு எவ்வளவு கூலி என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுதுகிறவன். அந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், கிலோ குறைகிறவர்களைத் தனியாகக் குறித்துக் கொடுக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. குறித்தேன். எல்லாரும் முப்பதுக்கு மேல் எடுக்கிற வாரத்தில் ஒரு அக்கா மட்டும் பதினாலு, பதினைந்து, பதிமூன்று. சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அடுத்த நாள் மத்தியான எடைக்கு வந்தவர் மூட்டையைத் தராசில் மாட்டிவிட்டு, நனைந்த படங்கு இடுப்பில் அப்படியே இருக்க, கவுன்ட்டர் பலகையில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, எம்பேருக்குச் செகப்பு போட்டுருக்கியாமே. போடு. என்னை எந்தக் காட்டுல விட்டாங்கன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. பேரேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது, காட்டு எண், அதாவது தோட்டத்தின் எந்தப் பகுதி என்று எழுதுகிற பத்தி. என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன். கண் நேராகக் கிலோவுக்குப் போய்விட்டது. அவரை விட்டிருந்தது கவாத்து வெட்டி, புதுத் துளிர் வந்துகொண்டிருந்த காட்டில். அங்கே கிலோ எடுப்பது வேலையே இல்லை. செடி ஒரே மட்டமாக எழும்ப, உயரம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளிவிட வேண்டும். ஆசைப்பட்டுக் கீழே கையை விட்டால் அடுத்த நாலு வருஷத்துக்கு அந்தச் செடி உருப்படாது. கை பழகினவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள். அதாவது அந்த மலையிலேயே நன்றாகக் கொழுந்து எடுக்கத் தெரிந்த ஒருவருக்கு, நன்றாகத் தெரியும் என்பதற்காகவே கொடுத்த ஒரு வேலையைப் பார்த்ததற்கு, நான் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்.

டிவிக்காரன் ட்ரென்ட் முதுகில் போட்ட அதே வட்டம். எனக்கு அந்த நிமிஷமே அது தோன்றியது. வட்டத்தை அடித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா" என்றேன். அவர் தராசு முள்ளைப் பார்த்தபடி, "பதினாறு, எழுதிக்கோ" என்றார்.

அப்புறம்தான் பழைய சனிக்கிழமை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. ட்ரென்ட்டை நான் விற்றிருக்கலாம், விற்க நியாயமான காரணங்கள் இருந்தன. விலை அதிகம், அந்தக் காசுக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. ஹாலண்ட் என்று ஒருவர் அந்த வருஷம் 36 கோல் அடித்துக்கொண்டிருக்கும்போது எல்லாருக்கும் எங்கேயாவது காசு பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் விற்றது அந்தக் கணக்கைப் போட்டு இல்லை. அவர் மோசமான டிஃபெண்டர் என்று முடிவு கட்டி விற்றேன், அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் அவர் பெயருக்கு எதிரே இருந்த புள்ளி மட்டும். காட்டு எண்ணைப் பார்க்கவே இல்லை. அந்த வருஷம் லிவர்பூலின் நடுக்களம் கிழடு தட்டிப் போயிருந்தது. எதிரணி பந்தை வாங்கித் திரும்பினால் நேரே டிஃபன்ஸ்தான், இடையில் ஆளே இல்லை. அடுத்த கோடையில் மக் அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என்று நாலு பேரைக் கொண்டுவந்து நடுக்களத்தையே மாற்றிப் போட்டார்கள் என்றால் ஓட்டை எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டம் மட்டும் ரைட் பேக் முதுகில்.

பி.டி. சாரின் நோட்டு

இதில் எனக்கு அனுபவம் இல்லாமலா? பள்ளிக்கூட அணியில் நான் லெஃப்ட் பேக். எங்கள் பி.டி. சார் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைக் கட்டம் போட்டு வரைந்து, கோல் எந்தப் பக்கமாக வந்ததோ அந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி போடுவார். பதினொன்றாம் வகுப்பில், கோத்தகிரி காந்தி மைதானத்தில் ஒரு ஆட்டம். ரெண்டாவது பாதியில் மஞ்சு இறங்கி, எங்கள் கீப்பருக்கு நடுக்கோடே தெரியவில்லை. எதிரணி ஆள் மஞ்சுக்குள்ளிருந்து பேய் மாதிரி வருவான், அவன் வருகிற சத்தம்தான் முதலில் கேட்கும். அஞ்சு கோல் வாங்கினோம். சார் நோட்டில் நாலு அம்பு என் பக்கம். அடுத்த ஆட்டத்தில் நான் தண்ணீர் பாட்டில் தூக்கினேன், அதற்கடுத்த வருஷமும் தூக்கினேன்.

எனக்கு முன்னால் லெஃப்ட் விங்கில் ஆடியவன் பந்தோடு மேலே ஏறுவான், பந்து போனால் அங்கேயே இடுப்பில் கை வைத்து நிற்பான். இறங்கி வரவே மாட்டான். அன்றைக்கு என் பக்கம் எப்போதும் ரெண்டு பேர், நான் ஒருத்தன். அதற்கு நோட்டில் குறியில்லை. அவன்தான் இப்போது திருப்பூரில் இருக்கிறான், எங்கள் லீக்கில் வாரத்துக்கு ஒரு டிஃபெண்டரை விற்கிறவனும் அவன்தான். இதைப் படிப்பான் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால் இந்தத் தப்பை எங்கள் பி.டி. சாரும் நானும் மட்டும் செய்யவில்லை. 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட், பருவம் தொடங்கின கையோடு டிஃபெண்டர் யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோவுக்கு விற்றது. ஸ்டாமின் சுயசரிதையால் வந்த வினை என்று பத்திரிகைகள் எழுதின. அவர் டேக்கிள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆளுக்கு வேகம் போய்விட்டது என்று பயிற்சியாளர் ஃபெர்குசன் கணக்குப் போட்டார் என்று இன்னொரு கதை ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவோ, பதிலுக்கு வந்தவர் 35 வயது லோரான் ப்ளாங்க். முந்தின பருவத்தில் 31 கோல் வாங்கிச் சாம்பியனான அணி, அந்தப் பருவத்தில் 45 வாங்கி மூன்றாவதாக வந்தது. விற்றது தப்பு என்று ஃபெர்குசனே பிற்பாடு ஒத்துக்கொண்டார். டேக்கிள் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. டேக்கிள் குறைந்தால் டிஃபெண்டர் மோசமாகிவிட்டார் என்று எப்படிச் சொல்வது? சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்கிறவர் தரையில் சறுக்க வேண்டியதே இல்லை. லிவர்பூலின் வான் டைக்கைப் பாருங்கள், 2018-19 பருவம் முழுக்க லீக்கில் ஒருவர்கூட பந்தோடு அவரைத் தாண்டிப் போகவில்லை என்று கணக்கு. பாதிப் பேர் அந்தப் பக்கம் வரவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வராதவனை எந்த நோட்டில் எழுதுவது? காட்டெருமை தோட்டத்துக்குள் வராத ராத்திரிக்குக் காவல்காரனுக்கு யாராவது ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஒன்பதில் நிற்கிறவர்கள்

2025-26 பருவத்தில் எஃப்.பி.எல்.காரர்களுக்கே இந்த நியாயம் உறைத்திருக்க வேண்டும். டிஃபெண்டர் ஒரு ஆட்டத்தில் பந்தை வெளியே அடித்தது, தடுத்தது, இடைமறித்தது, டேக்கிள் செய்தது எல்லாம் சேர்த்து பத்தைத் தொட்டால் ரெண்டு புள்ளி என்று புது விதி கொண்டுவந்தார்கள். அணி நாலு கோல் வாங்கினாலும் அந்த ரெண்டு கிடைக்கும். கேட்டவுடன் எனக்குக் கண்ணே கலங்கியது, லெஃப்ட் பேக்குக்கும் ஒரு கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். நாலு வாரம் ஆடிப் பார்த்தபிறகு அவ்வளவு உறுதியாக இல்லை. விதி நல்ல விதிதான். ஆனால் அது கூலி கொடுப்பது வேலை அதிகம் உள்ளவருக்கு. பந்து ஓயாமல் மேலே வந்து விழுகிற அணியில், பெட்டிக்குள் நின்று தலையால் முட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிற ஸ்டாப்பருக்கு வாராவாரம் ரெண்டு. பந்தையே விட்டுக்கொடுக்காத பெரிய அணியின் டிஃபெண்டருக்கு அதில் ஒன்றும் தேறாது. நோட்டில் அம்பு போட்ட சார் போய், வேர்வையை அளக்கிற சார் வந்திருக்கிறார். அப்புறம் அந்தப் பத்து! ஒன்பதில் நின்றால் பூஜ்யம்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 88ஆவது நிமிஷத்தில், ஒன்பதில் நிற்கிற ஒரு ஆள் பந்தை எங்கேயாவது ஒரு உதை உதைக்க மாட்டானா என்று சாமியைக் கும்பிட்டிருக்கிறீர்களா? நான் கும்பிட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு டிஃபெண்டர் சொதப்பினால் உடனே விற்காமல் கொஞ்சம் சுற்றிப் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது நிமிஷம். 60 நிமிஷம் தாண்டாதவனுக்கு க்ளீன் ஷீட்டே கிடையாது, அங்கே மற்ற ஆராய்ச்சியெல்லாம் வீண், விற்றுவிடலாம். முழுக்க ஆடியும் புள்ளி வரவில்லை என்றால் அணி வாங்கின கோலையும் வாங்கியிருக்க வேண்டிய கோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அந்த எக்ஸ்.ஜி.சி. கணக்கு 2022-23இலிருந்தே எஃப்.பி.எல். பக்கத்திலேயே இருக்கிறது, ட்ரென்ட்டை விற்ற அன்றைக்கும் இருந்தது, நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. எதிராளிக்கு வாய்ப்பே அதிகம் கொடுக்காமல், கொடுத்த ரெண்டும் கோலாகிப் போயிருந்தால் அது காலக்கோளாறு, பொறுத்துக்கொள்ளலாம். வாய்ப்பை அள்ளிக் கொடுக்கிற அணி என்றால் ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எனக்குப் பிரயோஜனமில்லை, ஆனால் அப்போது அவரைத் திட்டாமல் விற்கிறேன். ஆள் எங்கே நிற்கிறார், கார்னர் யார் எடுக்கிறார்கள், முன்னால் ஆடுகிறவன் இறங்குகிறானா என்பதெல்லாம் ஆட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஹைலைட்ஸில் தெரியாது, அதில் கோலும் வட்டமும்தான் வரும். பேக்கரி அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அவ்வளவு நேரம் இருந்தா நான் இன்னொரு கடை போட்டுருவனுங்க" என்றார். அதுவும் சரிதான்.

முரில்லோ

இந்தப் புதுப் பழக்கத்துக்கு வந்த முதல் சோதனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 2024-25இல் அவர்கள் ஏழாவதாக வந்தார்கள், கீப்பர் செல்ஸ் 13 க்ளீன் ஷீட் வைத்து ஆர்சனலின் ராயாவோடு கீப்பர்களுக்கான தங்கக் கையுறை விருதைப் பங்கு போட்டுக்கொண்டார். அந்த நம்பிக்கையில் அடுத்த பருவம் ஃபாரஸ்ட்டின் டிஃபெண்டர் முரில்லோவை எடுத்தேன். செப்டம்பரில் பயிற்சியாளர் நூனோவை அனுப்பிவிட்டார்கள். போஸ்டகோக்லு வந்தார், 39 நாள் இருந்தார், எட்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை, ஒரு க்ளீன் ஷீட்டும் இல்லை. பிறகு டைச். குரூப்பில் ஃபாரஸ்ட் டிஃபெண்டர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். திருப்பூர்க்காரன், "இன்னுமா வெச்சிருக்க? மியூசியமா நடத்துற?" என்று கேட்டான். நான் விற்கவில்லை. ஆள் அதே ஆள், காடுதான் ரெண்டு தடவை மாறியிருக்கிறது. டைச் வந்தால் டிஃபன்ஸுக்கு ஒரு மட்டம் வரும் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நவம்பர் 22, மறுபடியும் சனிக்கிழமை. இங்கிலாந்தில் குளிர்காலக் கடிகாரம் என்பதால் டெட்லைன் நாலரை. மஞ்சு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்துவிட்டிருந்தது, போன் திரையில் ஈரம் படிந்து விரல் வழுக்கியது. இந்தத் தடவை அவசரமே படவில்லை. நிமிஷம் பார்த்தேன், எக்ஸ்.ஜி.சி. பார்த்தேன், விற்பதில்லை என்று முடிவு செய்தேன். உள்ளே தராசைத் தயார் செய்கிற சத்தம் கேட்டது. கடைசியாக யாரோடு ஆட்டம் என்று பார்த்தேன். லிவர்பூலோடு, அவர்கள் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில். சாம்பியன்கள் தடுமாறிக்கொண்டிருந்த நேரம்தான், ஆனாலும் ஆன்ஃபீல்ட். சரி, இந்த ஒரு வாரம் மட்டும் என்று முரில்லோவைப் பெஞ்சில் இறக்கிவிட்டு, வீட்டு மைதானத்தில் ஆடுகிற இன்னொருவரை உள்ளே போட்டேன்.

ராத்திரி எட்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. 33ஆவது நிமிஷம் கோல் போட்டவர் முரில்லோ. ஆட்டம் முடிந்தபோது லிவர்பூல் 0, ஃபாரஸ்ட் 3. ஆடியதற்கு ரெண்டு, க்ளீன் ஷீட்டுக்கு நாலு, கோலுக்கு ஆறு, அதுவே பன்னிரண்டு. என் பதினொரு பேரும் ஒருத்தர் விடாமல் அவரவர் ஆட்டத்தில் இறங்கினார்கள், பெஞ்சிலிருந்து ஒரு புள்ளியும் ஏறவில்லை.

விடியற்காலை ரெண்டு நாற்பதுக்குப் பேக்கரி அண்ணன் குரூப்பில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார்: "முரில்லோ உங்ககிட்டதான இருக்காரு தம்பி? கலக்கிட்டீங்க." ஆறு மணிக்கு எழுந்துதான் பார்த்தேன். "பெஞ்ச்ல இருந்தார்ணா" என்று பதில் போட்டேன். அவர் டைப் செய்கிறார் என்று ரொம்ப நேரம் காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. கடைசியில் வந்தது ஒரே வரி.

"கடைக்கு வாங்க, சூடா வர்க்கி இருக்கு."